தற்காலிக நினைவகம்

இப்போது கேட்பார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாயிற்று, மேசையைத் தடவிப் பார்த்தாயிற்று, இருக்க வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்தாயிற்று. அடுத்து ஒரு செருமல். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட மாட்டார், பொருளைத்தான் கூப்பிடுவார்.

"கண்ணாடி?" என்றார் கணவர் கூடத்திலிருந்து.

"ஃபிரிட்ஜ் மேல," என்றாள் அவள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மா, நீல சாக்ஸ்?" என்றாள் மகள் குளியலறை வாசலிலிருந்து.

"ஒண்ணு கொடியில. இன்னொண்ணு உன் கட்டிலுக்கு அடியில."

அந்த வீட்டில் கேள்விகள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி வெகுகாலமாயிற்று. கண்ணாடி? குடை? கத்தரிக்கோல்? சொல் ஒன்று உள்ளே போகும், இடம் ஒன்று வெளியே வரும். யாரும் அலமாரியைத் திறந்து தேடுவதில்லை. அலமாரியைத் திறந்தால் நேரமாகும், அவளைத் திறந்தால் ஆகாது. இதில் அவளுக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. பல்லி எப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறதோ அப்படி எல்லாப் பொருளும் கண்ட இடத்தோடு அவள் தலையில் ஒட்டிக்கொண்டன. அதற்கு அவள் என்ன செய்ய முடியும்?

ஆனால் அன்று காலை, அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நாள் முழுக்கக் கேட்கிற கேள்விகள் ஏழெட்டுதான். ஒவ்வொரு தடவையும் அலமாரிக்கு ஓடினால் நான் என்ன ஆவேன்? அப்படியென்றால் ஆபீசில் அந்த மெஷின் மட்டும் ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது?

அவள் வேலை பார்த்தது வழிகாட்டல் இயக்ககத்தில். எந்த வேலைக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வது மட்டுமே அந்த இயக்ககத்தின் பணி. பல மாடிக் கட்டடம். பிரிவுகள் எத்தனை என்பதில் பிரிவுகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பிரிவுகள் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. புதிதாக ஒருவர் தலைவரானால் ஜன்னல் உள்ள அறை வேண்டும் என்பார். ஜன்னலை இழந்தவர் மின்விசிறி உள்ள அறையைக் கேட்பார். மின்விசிறியை இழந்தவர் மனம் உடைந்து நீண்ட விடுப்பில் போவார், அவருடைய பிரிவு மாடிப்படிக்குக் கீழே போகும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் ஆணை.

தரைத்தளத்தில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரே ஒரு கணினி. யாராவது 'கடை உரிமம் எந்த அறை?' என்று கேட்டால், அது இயக்ககம் தோன்றிய நாளிலிருந்து வந்த ஆணைகள் அத்தனையையும் ஹார்ட் டிஸ்க் என்ற வட்டிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் படித்து, கடைசியில் அந்தப் பிரிவு எங்கே போய் நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும். அதற்குள் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒரு டீயைக் குடித்து முடித்துக் கிளாசையும் கழுவிவிடுவார். அவரை எல்லோரும் ஜன்னல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நாள் பூரா அதே அஞ்சாறு கேள்விதான்," என்பார் ஜன்னல் அக்கா. "அதே கேள்விக்கு அதே பதில். ஆனா ஒவ்வொரு தடவையும் இப்பதான் முதல் தடவை கேக்கிற மாதிரி உள்ள போகுது பாரு. என் வீட்டுக்காரர்கிட்டப் பேசின மாதிரியே இருக்கு."

அந்தக் கணினிக்கு நிரல் எழுதுவதும் பழுது பார்ப்பதும் அவள் பொறுப்பு. வந்து வருடங்கள் ஆகியும் தற்காலிகப் பணியாளர். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநரின் மேசையில் இருந்தது. மேசையில் இருந்தது என்பதை அவளே பார்த்திருக்கிறாள். அவர் அதன்மேல் டீ வைப்பார்.

அன்று ஆபீஸ் போனதும் அவள் செய்தது சிறிய காரியம். சில வரிகள்தான் எழுதினாள். ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் அந்தக் கேள்வியையும் விடையையும் ஜோடியாகக் கணினியின் நினைவகத்தில் போட்டு வைத்துக்கொள். மறுபடி அதே கேள்வி வந்தால் வட்டுக்கு ஓடாதே, கையில் இருப்பதைக் கொடு. ஒரு பிரிவு இடம் மாறினால் அந்த ஜோடியை மட்டும் அழித்துவிடு. இடம் போதாவிட்டால், யாரும் வெகுநாளாகக் கேட்காததை வெளியே தள்ளு. மின்சாரம் போனால் எல்லாம் போகும், போகட்டும். ஆணைகள் வட்டில் பத்திரமாக இருக்கின்றன, கேட்கக் கேட்க மறுபடி நிரம்பிக்கொள்ளும். ஒரே கணினி, ஒரே ஜன்னல். இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

மதியத்துக்குள் வரிசை காணாமல் போயிற்று.

வரிசை என்றால் சாதாரண வரிசை இல்லை. ஜன்னலில் தொடங்கி, வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு, மதில்மேல் ஏறி உட்கார்ந்து மறுபக்கம் இறங்குகிற வரிசை. அதில் வாராவாரம் நின்றவர் ஒரு தையல்காரப் பெண்மணி. கழுத்தில் அளவு நாடாவோடே வருவார். கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அவர் ஜன்னலை எட்டி, அறை எண்ணை வாங்கி, வீங்கிய முழங்காலோடு படியேறிப் போவதற்குள் அந்தப் பிரிவு வேறு அறைக்குப் போயிருக்கும். அன்று அவர் கேட்ட மாத்திரத்தில் பதில் வந்தது. நம்பாமல் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, யோசிக்காமச் சொல்றீங்க? இது சரியான பதில்தானா?"

போய்ப் பார்த்தார். பிரிவு அங்கேயே இருந்தது. ஆனால் அதிகாரி, ஒருவர் இவ்வளவு சீக்கிரம் வந்து சேர்வார் என்று எதிர்பார்க்காததால், இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் வரச்சொன்னார்கள்.

இயக்குநரின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வரிசை முழுவதும் தெரியும். காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று மதியம் எட்டிப் பார்த்தவர், விடுமுறை நாளில் தெரியாமல் வந்துவிட்டோம் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே போனார். அதற்கும் மறுநாள் அவர் மனைவி காலண்டரைக் காட்டித் திருப்பி அனுப்பினார். வந்ததும் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அறையில் வரிசை ஒழுங்குபடுத்தும் பிரிவினர் கழுத்தில் விசிலோடு ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். வேறு எப்படி நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"வரிசை எங்கம்மா?" என்றார் இயக்குநர். திருட்டுப் போன பொருளைக் கேட்பதுபோல் இருந்தது குரல்.

அவள் விளக்கினாள். விடைகளை உள்ளேயே வைத்துக்கொள்கிறது சார், இதற்குக் கேஷ் என்று பெயர் என்றாள். அதைக் கேட்டதும் கணக்குப் பிரிவுத் தலைவர் எழுந்து நின்றார். தரைத்தளத்தில் கேஷ் வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை என்றும், அப்படி இருந்தால் அதை எண்ண வேண்டும் என்றும், எண்ணுவதற்குத் தன்னிடம் ஆள் இல்லை என்றும் சொன்னார். அது இந்தக் கேஷ் இல்லை சார் என்றாள். எந்தக் கேஷ் என்றாலும் ஆபீஸ் கடிதத்தில் அந்தச் சொல் வரக்கூடாது, நல்ல தமிழில் எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார் இயக்குநர்.

அவள் இரண்டு நாள் யோசித்து எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியபோது இருந்த அதே முதுகுவலி வந்தது. 'மக்கள் கேட்கும் கேள்வி திறவுகோலாகவும் அதற்குரிய விடை மதிப்பாகவும் கொள்ளப்பட்டு, கணினியின் தற்காலிக நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. நெடுநாள் எவரும் கேட்காதவை நினைவகத்திலிருந்து தாமாக நீங்கும்.' எழுதி முடித்துப் படித்தபோது அழகாகவே இருந்தது. தப்பு எங்கே நடந்தது என்று பின்னாளில் அவள் யோசித்தபோதெல்லாம் அந்த அழகில்தான் வந்து நின்றாள்.

இயக்குநர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ரொம்ப நல்ல எண்ணம்," என்றார். "ஆனா ஏன் தற்காலிகம்?"

"சார்?"

"ஒரு நினைவகம்னு எழுப்பினா அது காலத்துக்கும் நிக்கணும்மா. கல்லுல கட்டணும். தற்காலிகமாக் கட்டினா பின்னால வர்றவங்க நம்மள என்ன நினைப்பாங்க?"

நினைவகம் என்றால் மெமரி சார், மெஷினுக்குள் இருக்கிற மெமரி என்று அவள் சொன்னாள். தெரியும்மா, நானும் இங்கிலீஷ் படித்தவன்தான், மெமோரியல் என்றார் அவர். யாருக்கு நினைவகம் என்பதுதான் அவருடைய ஒரே சந்தேகம். அதையும் அவரே ஜன்னல் பக்கம் திரும்பி, வெறிச்சோடிக் கிடந்த சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்ததும் தீர்த்துக்கொண்டார். நம்மை விட்டுப் பிரிந்தது யார்? வரிசைதானே?

மறைந்த வரிசைக்கு நினைவகம் எழுப்பக் குழு அமைக்கப்பட்டது. ஊரின் மறுகோடியில் இடம் பார்த்தார்கள். இங்கேயே முற்றத்தில் இடம் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னதற்கு, மக்கள் சிரமப்பட்டு வந்து பார்த்தால்தான் அதற்கு மரியாதை என்று குழு முடிவு செய்தது.

அவள் இயக்குநரிடம் மீண்டும் போனாள். கோப்பு டீக்கு அடியில் இருப்பதைப் பார்க்காமல் பேச முயன்றாள். "சார், இருக்கறது ஒரே மெஷின். அதோட நினைவகம் அதுக்குள்ளேயே இருக்கு. வெளியில கொண்டுபோக வேண்டாம் சார். பக்கத்துல இருக்கறதாலதான் அது வேகமாச் சொல்லுது."

"உள்ளேயே இருந்தா யார் கண்ணுக்கும்மா தெரியும்?"

"அப்புறம், கழற்றினா அதுல ஒண்ணும் இருக்காது சார். மின்சாரம் போனா எல்லாம் போயிடும்."

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். "போனவங்களுக்குத்தானேம்மா நினைவகம்," என்றார். பிறகு கோப்பைத் தொட்டுக் காட்டி, விழா நல்லபடியாக முடியட்டும், உங்கள் நிரந்தரத்தையும் பார்க்கலாம் என்றார். அவர் எதற்கும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர், பார்க்கலாம் என்பார். எதையும் பார்த்ததில்லை.

வெளியே வந்தவள் நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். கோப்பைப் பார்க்காமல் பேசியதாக நினைத்தேன். குரல் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இதற்கிடையில் அவளுடைய கடிதத்தின் இரண்டாவது வரி மேல்மாடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே பழைய முத்திரைகள் பிரிவு இருந்தது. வழக்கொழிந்த ரப்பர் முத்திரைகளைக் காத்து வைக்கும் பிரிவு. அதன் துணை இயக்குநரை முத்திரை என்றே அழைத்தார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. அவருடைய பிரிவு எங்கே என்று கட்டடம் கட்டிய நாளிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை, அவள் கணினியைச் சோதிக்க ஒரே ஒரு தடவை கேட்டதைத் தவிர. நினைவகத்திலிருந்து நீங்கியவற்றில் முதலாவதாக அது இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

முத்திரை இறங்கி வந்து அவள் மேசை முன்னால் நின்றார்.

"எங்களுக்கு மதிப்பு இல்லையா?"

"இருந்தது சார். யாரும் கேக்கலை, அதனால இடம் விட்டுடுச்சு. யாராவது கேட்டா மறுபடி வந்துடும்."

"கேட்டாத்தான் மதிப்பா? யாரும் கேக்காதவங்களுக்கு மதிப்பு கிடையாதா? எங்க அப்பாவை வீட்டுல யாரும் எதுவும் கேக்கறதில்ல. அவரையும் தூக்கிடுவீங்களா?"

அந்தக் கேள்வி அவள் நினைத்ததைவிட ஆழமாகப் போய் விழுந்தது.

முத்திரை காத்திருக்கிற ஆள் இல்லை. மறுநாள் காலை அவருடைய ஊழியர்கள் அத்தனை பேரும் ஜன்னல் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து, "பழைய முத்திரைகள் பிரிவு எங்கம்மா?" என்று கேட்டார்கள். ஜன்னல் அக்கா சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார்கள். மாலைக்குள் இயக்ககத்திலேயே மக்கள் அதிகம் நாடும் பிரிவு என்ற இடத்தை அது பிடித்தது.

மற்றப் பிரிவுகள் சும்மா இருக்குமா? தூசி தட்டும் பிரிவு வந்தது. பதில் எழுதாத கடிதங்கள் பிரிவு வந்தது. வரிசை ஒழுங்குபடுத்தும் பிரிவுக்கு உயிர் வந்தது, விசில் ஊதினார்கள். அதிகாரிகள் தங்கள் அறை எங்கே என்று தாங்களே கேட்டுக்கொள்ளும் வரிசை சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுற்றி மதிலை நோக்கி நகர்ந்தது. அதன் கடைசியில் தையல்காரப் பெண்மணி வந்து நின்றார். முன்னால் நின்றவர் கடை உரிமப் பிரிவின் அதிகாரி. அவரிடமே கேட்டார்.

"எங்கே இருக்குன்னு தெரிஞ்சா நான் ஏம்மா இங்க நிக்கறேன்?" என்றார் அதிகாரி.

கடைசியில் இதற்கும் ஒரு ஏற்பாடு வந்தது. எல்லாப் பிரிவுகளுக்கும் நினைவகத்தில் நிரந்தர இடம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யாரையும் நீக்கக் கூடாது. மதிப்பு என்று வந்துவிட்டபடியால், மதிப்பின் வரிசையில் அறைகளும் மறுபடி ஒதுக்கப்படும். ஒரே ஆணையில் கட்டடம் முழுக்க இடம் மாறியது. பெயர்ப்பலகைகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் படிகளில் ஏறியும் இறங்கியும் இடித்துக்கொண்டார்கள். அந்த ஆணையைக் கணினியில் ஏற்றினால் பழைய விடைகளைத் தானே அழித்துக்கொள்ளும் என்று சொல்லி அவள் அதைக் கேட்டாள். ஆணை நினைவகத்தின் அடிக்கல்லுக்குக் கீழே வைக்கப்பட்டுவிட்டது, தோண்ட முடியாது என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் கணினியைத் திறந்தார்கள். நினைவகத்துக்கென்று உள்ளே இரண்டு பட்டைகள் இருந்தன; இரண்டு விரல் அகலம், கொஞ்சம் நீளம். அவற்றில் ஒன்றைக் கழற்றி வெல்வெட் துணியில் வைத்து எடுத்துப் போனார்கள். இரண்டையும் கேட்டார்கள். அவள் கெஞ்சி ஒன்றை நிறுத்திக்கொண்டாள். மிச்சமிருந்த பட்டை முழுவதும் பிரிவுகளின் நிரந்தர இடங்களால் நிரம்பிவிட்டது. எல்லாம் பலகைகள் மாறுவதற்கு முந்தைய இடங்கள்; மக்கள் உண்மையில் கேட்கிற கேள்விக்கு அதில் சரியான விடை ஒன்றுகூட இல்லை.

நினைவகம் நன்றாகவே இருந்தது. உயரமான தூண்கள், குளிர்ந்த தரை, நடுவில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் அந்தப் பட்டை. மலர் வளையம் வைத்தார்கள். இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, வரிசை என்பது என்ன? மக்கள் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கையின் நீளம். ஒருவன் வெயிலில் நிற்கிறான் என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பித்தான் நிற்கிறான். அந்த நம்பிக்கையை நாம் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. நான் பணியில் சேர்ந்தபோது வரிசை வாசல்வரைதான் இருந்தது. அதை மதில்வரை வளர்த்தவர்கள் நீங்கள். திடீரென்று ஒருநாள் அது நம்மை விட்டுப் போனது. கேட்டவுடனே பதில் சொல்லிவிட்டார்களாம். கேட்டவுடனே கிடைப்பது பதிலா? நான் இந்தத் துறையில் இத்தனை காலம் இருந்து, யாருக்கும் எதையும் கேட்டவுடனே சொன்னதாக என் மனசாட்சி சொல்லவில்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு இரண்டு நிமிட மௌனம். அந்த மௌனத்தில் அவளுக்கு மட்டும் ஓர் ஓசை கேட்டது, தூரத்தில் ஜன்னலருகே, ஒரு பட்டையை இழந்த கணினி விட்டு விட்டுக் கூவுவதுபோல. அப்படிக் கேட்டிருக்க முடியாது. அது ஊரின் மறுகோடியில் இருந்தது.

விடைகள் நினைவகத்தில் உள்ளன என்று அவளே எழுத்தில் கொடுத்திருந்தாள். ஆகவே மறுநாள் முதல் கேள்விகளை நினைவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வந்தது. அதற்கு ஒரு வண்டி. கேள்வி வண்டி என்று பெயர். ஓட்டுநர் ஜன்னலில் கேள்வியை வாங்கிக்கொண்டு, ஊரைக் கடந்து போய், கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று கேள்வியைச் சொல்லி, உரிய நேரம் காத்திருந்து, திரும்பி வருவார்.

"கேட்டேன்மா," என்பார் அவளிடம். "ஒண்ணும் சொல்லலை."

"அது சொல்லாது அண்ணா."

"எனக்கும் தெரியும். ஆனா முகத்துக்கு நேரா எப்படித் திரும்பி வர்றது? கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வர்றேன்."

வரிசை மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. இயக்குநர் அதை நினைவகத்தின் முதல் வெற்றி என்றார்.

ஆனால் கட்டடத்தில் ஒரு காரியம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. பலகைகள் இடம் மாறிய அந்த நாளில் அவள் மாடிகளில் நடந்திருந்தாள். நடந்ததனால் பார்த்தாள், பார்த்ததனால் ஒட்டிக்கொண்டது. கழிப்பறைக்குப் போகும் வழியில் யாராவது அவளை நிறுத்துவார்கள். "பதில் எழுதாத கடிதங்கள்?" என்பார்கள். "மூணாவது மாடி, தண்ணி டாங்குக்குப் பக்கத்துல," என்பாள் அவள். ஒற்றைச் சொல் உள்ளே, ஓர் இடம் வெளியே. நாளடைவில் அவள் மேசைக்கு முன்னாலேயே ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

வீட்டிலும் ஒரு நாள் மாலை அப்படித்தான். குடை? கதவுக்குப் பின்னால். ஆணிச் சுத்தியல்? தையல் பெட்டிக்குள். துணி மடித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, முத்திரை கேட்ட கேள்வி திரும்ப வந்தது. யாரும் கேட்காதவை என்ன ஆகின்றன?

அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பாட்டு முணுமுணுப்பாளே, அதன் முதல் வரி? இல்லை. காலேஜில் கூடப் படித்தவள் ஒருத்தி, சிரித்தால் மூக்கு சுருங்கும், அவள் எந்த ஊருக்குப் போனாள்? இல்லை. நான் கடைசியாக எதற்கு அழுதேன்? எனக்குப் பிடித்த நிறம் ஒன்று இருந்தது. இருந்தது என்பது மட்டும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, இடம் விட்டுவிட்டது. அந்த இடத்தில் நீல சாக்ஸ் இருந்தது. அவள் எழுதிய அந்தச் சில வரிகளில் ஒரு பிழையும் இல்லை. அவள் மீதே எழுதப்பட்டதுபோல் அத்தனை சரியாக வேலை செய்தன.

கையிலிருந்த சட்டையை மடிக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். கணவர் எட்டிப் பார்த்து, உடம்புக்கு என்ன என்றார். அது ஒற்றைச் சொல் இல்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. ஒன்றுமில்லை என்றாள். பதில் சொல்லத் தெரியாத கேள்வியாக இருந்தது அது.

மறுநாள் இயக்குநர் தரைத்தளத்துக்கே வந்தார். அவர் இறங்கி வருவது அரிது; வரிசை ஒழுங்குபடுத்தும் பிரிவினர் பதறிப்போய் அவருக்கே விசில் ஊதிவிட்டார்கள். பின்னால் முத்திரையும் கணக்குப் பிரிவுத் தலைவரும் வந்தார்கள். இயக்குநரின் கையில் அவளுடைய கோப்பு இருந்தது. அதன் மேலட்டையில் டீ வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூப்போல் விரிந்திருந்தன.

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். இந்த இயக்ககம் தகுதியானவர்களைக் கைவிட்டதில்லை. இந்த அம்மா எந்தப் பிரிவு எங்கே இருந்தாலும் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார் என்று கேள்விப்பட்டோம். கேட்ட மாத்திரத்தில் சொல்வது தவறுதான். ஆனால் அதை முறைப்படி செய்தால் தவறில்லை.

"இனிமே இந்த மெஷின் வேண்டாம், கேள்வி வண்டியும் வேண்டாம்," என்றார் அவளிடம், குரலைத் தணித்து. "நீங்களே நினைவகமா இருந்துடுங்க. தற்காலிகம் இல்லை, நிரந்தரம். நிரந்தர நினைவகம். கண்ணாடி அறை ஒண்ணு போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். வேற வேலை எதுவும் கிடையாது. உக்காந்து ஞாபகம் வச்சிருந்தாப் போதும்."

அவள் கோப்பைப் பார்த்தாள். இத்தனை வருடம் அதைப் பார்க்காமல் பேசக் கற்றிருந்தவள், முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். உள்ளே ஆணை இருந்தது. கையெழுத்து இருந்தது. அவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நினைவகம்' என்று அச்சாகியிருந்தது.

ஜன்னல் அக்கா வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையின் முதலில் தையல்காரப் பெண்மணி நின்றார். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து அவரிடம் போனாள். காதருகே குனிந்தாள்.

"நாலாவது மாடி அக்கா. படியேற வேண்டாம், பின்பக்கம் சாமான் லிஃப்ட் இருக்கு. இறங்கினதும் எதிர்ல. அதிகாரி வரிசையில நிக்கறாரு, பச்சை சட்டை. கையோட கூட்டிட்டுப் போயிடுங்க."

பெண்மணி அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டு, பச்சை சட்டைக்காரரின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அவரும் எங்கேயாவது போகக் கிடைத்ததே என்று போனார்.

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர் மற்றவர்களிடம், பெருமையாக. "நான் சொல்லலை?" பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால, முறைப்படி ஒரு முதல் கேள்வி கேக்கணும். நானே கேக்கறேன்."

நிறுத்தினார். செருமினார். அவளுக்கு அந்தச் செருமல் தெரியும். மதிப்பின்படி அறை ஒதுக்கிய ஆணையில் அவர் படிக்காமல் கையெழுத்திட்டதும், அதில் அவருடைய அறையும் இருந்ததும், கடைசியாக முந்தின நாள் மாலைதான் அதை மாற்றியதும், காலையிலிருந்து அவர் ஒவ்வொரு மாடியிலும் கதவுகளைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். டீ வந்து கதவுக்கு வெளியே ஆறிக்கொண்டிருக்கும் இடமும் தெரியும். ஐந்தாவது மாடி, மாடிப்படிக்குக் கீழே, பழைய முத்திரைகளுக்கு அடுத்தது.

"என் ரூம்?" என்றார் இயக்குநர். ஒற்றைச் சொல்லாகச் சுருக்கத்தான் பார்த்தார், இரண்டாக வந்துவிட்டது. முகம் சிரித்துக்கொண்டிருந்தாலும், கண்கள் தொலைந்துபோன குழந்தையின் கண்கள்போல் இருந்தன.

அவள் பேனாவை வாங்கி மூடியைப் போட்டாள். கோப்பின்மேல், டீ வட்டங்களுக்கு நடுவில், உருண்டு விழாதபடி அதை வைத்தாள்.

"ஞாபகம் இல்லை சார்," என்றாள்.